மத்தியானத்தில் மட்டும் வெட்டிய குரல்: ஓர் ஏலக்காய் டிப்போவில் இணையத் தொலைபேசி

பின்னணி

போடியில் தலைமை அலுவலகம். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம் ஒரு கொள்முதல் டிப்போ. தொழில் ஏலக்காய். நான் கம்பத்தில் இருந்துகொண்டு நெட்வொர்க், கேமரா, தொலைபேசி வேலை பார்க்கிறவன். 2022 ஆகஸ்ட் கடைசியில் அந்த நிறுவனத்தின் முதலாளி கூப்பிட்டு, டிப்போவுக்கும் போடிக்கும் இடையே இணையத் தொலைபேசி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

காரணத்தை அவரே சொன்னார். அதுவரை எல்லாப் பேச்சும் ஊழியர்களின் சொந்தச் செல்போனில்தான் நடந்திருக்கிறது. முந்தைய வருடம் டிப்போவில் கொள்முதல் பார்த்துவந்த ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, அவர் போனில் இருந்த விவசாயிகளின் எண்களும் அவரோடு போய்விட்டன. "ஆளு மாறினாலும் நம்பர் மாறக்கூடாது தம்பி, அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார். இன்னொன்று சிக்னல். டிப்போ கட்டிடத்துக்குள் ஒரு அறையில் செல்போன் எடுக்கும், அடுத்த அறையில் எடுக்காது, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனால் சுத்தமாகக் கிடையாது.

டிப்போவில் ஐந்து பேர். கணக்கு பார்க்கும் பெண்மணி உள்ளூர்க்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் பேசுவார். எல்லோரும் அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் கம்பத்திலிருந்து காலையில் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்களிலேயே கம்பம்மெட்டு வழியாக ஏறி வந்து சாயங்காலம் இறங்குகிறவர்கள்.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வந்த சிக்கல் எல்லாம் அதில்தான் இருந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடியிலும் புத்தடியிலும் இருக்கின்றன. ஏலத்தில் விலை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, இன்று டிப்போவில் எந்த ரகத்தை என்ன விலைக்கு எடுப்பது என்று முதலாளி போடியிலிருந்து சொல்வார். சேச்சி அதை, தராசுக்கு முன்னால் மூட்டையோடு நிற்கிற விவசாயியிடம் சொல்வார். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள காய்க்கு ஒரு விலை, ஏழு முதல் எட்டுக்கு ஒரு விலை, நிறம் மங்கினால் வேறு விலை. இந்தப் பேச்சு பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், ஐந்து மணிக்குள்.

போய்ப் பார்த்தது

செப்டம்பர் முதல் வாரம் காலை ஒன்பதரைக்கு டிப்போவுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு மலை இறங்கிவிட்டேன். நல்ல வெயில், மின்சாரம் இருந்தது, பக்கத்து ஊர் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு நன்றாக ஓடியது. போடி அலுவலகத்துக்குப் பிங் அடித்து, ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன், 30 மில்லி செகண்டுக்குச் சற்று மேலே, ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. ஒருபக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை, அதற்கு மிகவும் கீழேதான் இருந்தோம். தாராளமாகப் போதும் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது காலை நேரத்து டிப்போவைப் பற்றிய குறிப்பு.

முதலில் எடுத்த முடிவுகள்

போடியில் ஒரு ஐபி பிபிஎக்ஸ், அதாவது உள் அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச், அதற்கு நிலையான பொது ஐபி முகவரி. டிப்போவில் நான்கு மேசைத் தொலைபேசிகள், ஸ்டோரில் நடமாடிக்கொண்டே பேச ஒரு கார்ட்லெஸ். தொலைபேசிகளுக்குத் தனி அடாப்டர் வேண்டாம், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் போகட்டும் என்று பிஓஇ ஸ்விட்ச் வைத்தோம்.

ஒரு முடிவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எல்லையோரத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் அது. முதலாளி கேட்டது இதுதான்: மலையில் இருக்கும் விவசாயி 04868 என்று தொடங்குகிற டிப்போ லேண்ட்லைனுக்குக் கூப்பிட வேண்டும், அந்த அழைப்பு அப்படியே இணையம் வழியாகப் போடிக்கு வந்து, அங்கிருந்து 04546 லைனில் யாருக்கு வேண்டுமோ அவருக்குப் போய்விட வேண்டும். கருவி இதைச் செய்யும், பத்து நிமிட வேலை. ஆனால் கேரளம் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், தமிழ்நாடு இன்னொரு வட்டம். வெளித் தொலைபேசி அழைப்பை ஒரு வட்டத்தில் வாங்கி, சொந்த இணைய இணைப்பு வழியாகக் கடத்தி, அடுத்த வட்டத்தில் வெளி லைனில் இறக்கிவிடுவது விதிமீறல். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பாதையைச் சுற்றிக்கொண்டு போவது என்று அர்த்தம். அலுவலகத்துக்குள் எக்ஸ்டென்ஷனிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்குப் பேசிக்கொள்வது வேறு, அது மூடிய குழு.

அதனால் இரண்டையும் பிரித்தே வைத்தேன். போடி, டிப்போ இரண்டுக்கும் இடையே உள்பேச்சு மட்டும் இணையத் தொலைபேசியில். வெளி அழைப்புக்கு ஃபைபர் இணைப்போடு வரும் உள்ளூர் லேண்ட்லைன், தனி ரிசீவரில், பிபிஎக்ஸில் சேர்க்காமல். சேச்சியின் மேசையில் இரண்டு போன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, "ரெண்டு போன் எதுக்கு" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன், நான்காவது முறை அவர் கேட்கவில்லை.

அவசர அழைப்பும் இதில் சேர்ந்தது. ஸ்டோரில் விறகு எரிகிறது, தீ என்று ஒன்று வந்தால் வீரர்கள் எந்த ஊரிலிருந்து வர வேண்டும்? டிப்போ எக்ஸ்டென்ஷனில் 112 அடித்து அது போடி லைன் வழியாக வெளியே போனால், தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எடுத்து, கேரளத்து முகவரியை எழுதிக்கொண்டு நிற்பார். அந்தப் பாதையையே மூடினேன். லேண்ட்லைன் பக்கத்தில் கேரள எண்ணோடு ஒரு சாதாரண செல்போனைச் சார்ஜரோடு வைத்து, சிக்னல் எடுக்கிற அந்த அறையிலேயே மாட்டி, டிப்போவுக்கு வழி சொல்லும் நாலு வரியை மலையாளத்தில் சேச்சியின் கையாலேயே எழுதி ஒட்டினோம்.

தப்பான முடிவுகள் இரண்டு. ஒன்று, குரலுக்கு ஜி.729 கோடெக் போட்டேன், கோடெக் என்பது குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறை. ஜி.711 ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஈதர்நெட் தலைப்பெல்லாம் சேர்த்து வினாடிக்கு 87 கிலோபிட் எடுக்கும், ஜி.729 சுமார் 31தான் எடுக்கும், மலைக்கு மேலே மிச்சம் பிடிப்பது நல்லது என்று நினைத்தேன். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஜி.711ல் பேசினாலும் 350 கிலோபிட்தான், ஃபைபரில் அது ஒரு பொருட்டே கிடையாது. இரண்டு, அலுவலகத்திலிருந்து ஸ்டோருக்கு ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் கேபிள் எழுபது மீட்டருக்கு வெட்டவெளியில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு போயிற்று, கேமராவுக்காக யாரோ இழுத்தது. நூறு மீட்டருக்குள்தானே இருக்கிறது என்று கார்ட்லெஸ் பேஸையும் அதிலேயே மாட்டினேன்.

முதல் வாரம்: 32 வினாடி

செப்டம்பர் கடைசியில் ஓட ஆரம்பித்தது. இரண்டாம் நாளே புகார். "பேசிட்டே இருக்கறப்போ அரை நிமிஷத்துல கட் ஆயிருது சார்." அரை நிமிஷம் என்று ஒருவர் சொன்னால் நான் விடமாட்டேன், எத்தனை வினாடி என்று பார்ப்பேன். போன் திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். மூன்று அழைப்பும் 32ல் நின்றன.

32 என்றால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும், புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்ஐபி என்பது இணைய அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உள்ள விதிமுறை, அதில் ஒருவர் போனை எடுத்ததும் 'சரி, எடுத்துவிட்டேன்' என்று ஒரு செய்தி போகும், கூப்பிட்டவர் பக்கமிருந்து 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். அந்தப் பதில் வந்து சேராவிட்டால், குரல் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்த பக்கம் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி ஆனதும் வைத்துவிடும். ஆகவே கேபிளோ சிக்னலோ காரணம் இல்லை, நடுவில் யாரோ முகவரியை மாற்றி எழுதுகிறார்கள். கேபிள்காரர் கொடுத்த மோடத்தில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று, அழைப்புச் செய்தியில் உள்ள முகவரியைத் திருத்தும் ஒரு வசதி, உதவி செய்வதற்காக வைத்தது, பெரும்பாலும் கெடுக்கத்தான் செய்யும். அதை அணைக்க அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் அவர் தரமாட்டேன் என்றார். அது அவர் உரிமை. அந்த மோடத்தை, இணைப்பை அப்படியே கடத்திவிடுகிற பிரிட்ஜ் முறைக்கு மட்டும் மாற்றித் தரச் சொல்லி, ரூட்டர் வேலையை நம்முடைய கருவிக்குக் கொண்டுவந்தேன்.

அதோடு டிப்போவிலிருந்து போடிக்கு வயர்கார்டு என்ற மென்பொருளில் ஒரு விபிஎன் சுரங்கமும், அதாவது இணையத்துக்குள்ளேயே மறைவான ஒரு தனிப்பாதையும் போட்டேன். குரல், அழைப்புச் செய்திகள் எல்லாம் அதற்குள்ளே போகும், நடுவில் இருப்பவர்களுக்கு அது எஸ்ஐபி என்றே தெரியாது. டிப்போ பக்கமிருந்து தொடங்குகிற சுரங்கம் என்பதால் டிப்போவுக்குப் பொது ஐபி தேவையில்லை, பின்னால் 4ஜி மாற்று இணைப்பு வைத்தபோது இது பெரிய உபகாரமாக இருந்தது. 32 வினாடிக் கட் அன்றோடு நின்றது.

'நூற்றி எண்பது'

அக்டோபர் இரண்டாம் வாரம் நடந்தது இது. முதலாளி ஸ்பீக்கரில் பேசியிருக்கிறார். சேச்சி ஒரு சரக்குக்கு விலை கேட்டார். அவர் எழுநூற்றி எண்பது என்றார். சேச்சி காதில் விழுந்தது '...நூற்றி எண்பது'. திரும்பக் கேட்டார். திரும்பவும் முன்னால் ஒரு துண்டு விழுங்கப்பட்டு, எண்ணூற்றி எண்பது போலக் கேட்டது. 62 கிலோ. விவசாயியிடம் 880 என்று சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் கணக்கு சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது, 6,200 ரூபாய் வித்தியாசம். சொன்ன விலை சொன்னதுதான் என்று முதலாளி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. சேச்சியின் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து டிப்போவில் யாரும் தாங்களாக அந்தப் போனைத் தொடவில்லை, எல்லோரும் பழையபடி செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரத்துக்குப் போய்விட்டார்கள்.

அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. தமிழிலும் மலையாளத்திலும் இந்த மூன்று சொல்லும் ஒன்றுதான். மூன்றிலும் பின்பாதி நூறு. விலையைத் தீர்மானிக்கிற பகுதி முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு எழுத்து, அது போய்விட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு மலையாளத்துக்கோ தமிழுக்கோ மாறிக் கேட்டும் பயன் இல்லை.

போடியில் வைத்து வயர்ஷார்க் என்ற மென்பொருளில் அழைப்பைப் பிடித்துப் பார்த்தேன். குரல் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாக, வினாடிக்கு 50 வீதம் சீராக வர வேண்டும். முதலாளி பேசாமல் இருக்கும் நேரத்தில் பாக்கெட்டே இல்லை, பேசத் தொடங்கிய பிறகு ஒரு நொடித்துண்டு கழித்துத்தான் வரிசை ஆரம்பிக்கிறது. ஜி.729ன் பி இணைப்பில் உள்ள மௌன அடக்கம் அது. யாரும் பேசாதபோது எதையும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும், பேச்சு தொடங்கியது என்று அது கண்டுபிடிக்கிற அந்தக் கணத்தில் முதல் அசை போய்விடும். சாதாரண உரையாடலில் இது தெரியவே தெரியாது. 'ஆமாம்' என்பது 'மாம்' என்று கேட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கேள்வி கேட்டு, கொஞ்சம் யோசித்து, ஒரே ஒரு எண்ணைச் சொல்லுகிற பேச்சில் ஒவ்வொரு முறையும் விழுங்கப்படுவது அந்த எண்ணின் தலைதான்.

மௌன அடக்கத்தை எல்லாப் போனிலும் அணைத்தேன், கோடெக்கை ஜி.711க்கு மாற்றினேன். பிழை என் அமைப்பில் என்று சேச்சியிடமும் முதலாளியிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அப்புறம் ஒரு வழக்கமும் ஏற்படுத்தினோம், இதைச் சேச்சியே முன்வைத்தார்: விலையை முழுச் சொல்லாகவும் சொல்ல வேண்டும், தனித்தனி இலக்கமாகவும் சொல்ல வேண்டும். எழுநூற்றி எண்பது, ஏழு எட்டு பூஜ்யம். கேட்டவர் இலக்கத்தைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் விவசாயிக்கு விலை.

மத்தியானம்

இத்தனை செய்த பிறகும் ஒரு புகார் மிச்சம் இருந்தது. "காலையில நல்லா இருக்கு, மத்தியானம் வெட்டுது." நான் போகும்போதெல்லாம் நன்றாகவே இருந்தது, ஏனென்றால் நான் எப்போதும் காலையிலேயே போனேன். கடைசியில் ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டுக்குப் போய் இரவு எட்டு வரை உட்கார்ந்தேன். அந்த எட்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது அதற்கு முன் நான்கு தடவை போனதில் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை, கேரளத்தில் துலா வருஷம் என்பார்கள், அந்த நாட்கள். இரண்டு மணிக்கு மேகம் கட்டியது, இரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது. டிப்போவில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது மாறுகிற அந்தச் சிறு இடைவெளியில் மோடம், ரூட்டர், ஸ்விட்ச், போன் எல்லாம் அணைந்து திரும்ப எழுந்தன. போன்கள் மறுபடி பதிவாக மூன்று நிமிடம் ஆனது. சரி, வந்துவிட்டது என்று பார்த்தால் இருபது நிமிடத்தில் ஃபைபரே போய்விட்டது. கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு, மழைக்கு நடுவே பைக்கில் போய்ப் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடைச் சுவரில் அவருடைய பெட்டி, உள்ளே ஒரு சின்ன யுபிஎஸ், அதன் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கடைக்காரர் சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். ராத்திரி ஏழரைக்குக் கடை அடைக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போவாராம். ஏழரைக்குப் பிறகு டிப்போவில் இணையம் ஏன் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது என்பதற்கு ஒரு மாதமாக யாருக்கும் விடை தெரியாமல் இருந்தது.

ஃபைபர் போனதும் ரூட்டர் 4ஜிக்கு மாறியது. மாறியதும் கேமராக்கள் அதுவரை அனுப்பாமல் விட்ட காட்சிகளையெல்லாம் மொத்தமாகக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கின. கொள்முதல் தம்பி காயின் படங்களை வாட்ஸ்அப்பில் போடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஏற்றும் வேகம் அந்த இடத்து 4ஜியில் ஒரு மெகாபிட்டைச் சுற்றித்தான். பிங் 40லிருந்து 900க்கு ஏறியது. அந்த நேரம்தான் ஏல நிலவரம் பார்த்துவிட்டு முதலாளி கூப்பிடுகிற நேரம். குரல் வெட்டாமல் என்ன செய்யும்.

இதில் வேகம் குறைவு என்பது காரணம் இல்லை, ஒரு மெகாபிட்டில் நான்கைந்து பேர் தாராளமாகப் பேசலாம். குரல் பாக்கெட்டுக்கு முன்னால் கேமரா பாக்கெட் வரிசைகட்டி நின்றதுதான் காரணம்.

இடி

திருத்த வேலைக்குப் பொருள் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, அக்டோபர் மூன்றாம் வாரம், மாலை நாலு மணி வாக்கில் டிப்போவுக்கு மிக அருகில் இடி விழுந்தது. கட்டிடத்தின் மேல் விழவில்லை. பிஓஇ ஸ்விட்ச், இரண்டு மேசைப் போன், ரூட்டரின் ஒரு போர்ட், ஸ்டோர் கேமரா, கார்ட்லெஸ் பேஸ் எல்லாம் போய்விட்டன. சேச்சி அப்போதுதான் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்திருந்தார். போனிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தமும் தீய்ந்த வாசனையும் வந்ததாகச் சொன்னார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் அந்த ரிசீவர் நினைப்பு வருகிறது.

ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டோருக்குப் போகும் கேபிள் மாட்டியிருந்த எட்டாவது போர்ட்டுக்குப் பின்னால், சின்னக் கறுப்புச் சிப்பின் முதுகில் கடுகளவு ஓட்டை, அதைச் சுற்றிப் பலகையில் புகை படிந்த வளையம். மற்ற போர்ட்களில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவையும் செத்திருந்தன. பாதை தெளிவு. வெட்டவெளியில் தொங்கிய எழுபது மீட்டர் செப்புக் கம்பி பக்கத்து மின்னலை வாங்கி உள்ளே கொண்டுவந்துவிட்டது. எல்லாப் போனும் ஒரே ஸ்விட்சில் செப்பால் இணைந்திருந்ததால் அங்கிருந்து பரவியது. எர்த் குழியையும் அளந்தேன். பாறைக்கு மேல் இரண்டடி மண்ணில் போட்ட குழி, 38 ஓம் காட்டியது.

மத்தியானம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலில் கவனமாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு சீசனிலும் சொல்கிறது. டிப்போ சுவரிலேயே அந்த மலையாள அறிவிப்பு ஒட்டியிருந்தது, நான் முதல் நாள் கேபிள் இழுக்க அளவெடுத்த அதே சுவர்.

திருத்தியது

நவம்பர் முதல் பத்து நாளில் எல்லாவற்றையும் மாற்றினோம்.

அலுவலகத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர். பழைய செப்புக் கேபிளை அறுத்து இறக்கிவிட்டோம். சும்மா தொங்கட்டும் என்று விட்டால் நாளைக்கு ஒருவர் அதில் ஏதாவது மாட்டுவார். மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பான் வைத்து, எர்த்தைக் கீழே ஈரம் நிற்கிற ஓடைப் பக்கம் புதிதாகப் போட்டோம், 6 ஓமுக்கு வந்தது. கட்டிடத்தில் இருக்கிற எல்லாக் கருவிக்கும் அதே ஒரு எர்த்.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டரை நம்பவில்லை. மோடம், ரூட்டர், ஸ்விட்ச், போன்கள் மொத்தம் 40 வாட் எடுக்கின்றன. 12 வோல்ட் 26 ஆம்பியர் மணி பேட்டரி, 312 வாட் மணி, பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்று வைத்தால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். டிசியிலிருந்து நேரடியாகவே ஓடுவதால் மாறுகிற இடைவெளியே கிடையாது. டீக்கடைப் பெட்டிக்குப் புது பேட்டரியை நிறுவனமே வாங்கிக் கொடுத்தது, கேபிள்காரர் மாட்டினார், கடைக்காரர் அந்தப் பெட்டிக்குப் போகும் லைனை மெயினுக்கு முன்னாலிருந்து தனியாக எடுக்கச் சம்மதித்தார். அவர் பில்லில் ஏறுகிற தொகையை டிப்போ மாதாமாதம் கொடுக்கிறது. இந்த மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான், அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

4ஜியில் இருக்கும்போது சுரங்கத்துக்கும் பில் போடும் கணினிக்கும் மட்டும் வழி, கேமரா கிளவுடுக்குப் போகாது, உள்ளேயே பதிவாகும். ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே ரூட்டரில் கட்டிவைத்து, குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன். ஃபைபரிலிருந்து 4ஜிக்கு மாறும்போது வயர்கார்டு சுரங்கம் தானாகவே புது முகவரிக்கு நகர்ந்துகொள்ளும், அதனால் பேச்சு இரண்டு மூன்று வினாடி நின்று தொடர்கிறது, அறுபடுவதில்லை.

கடைசியாக ஒரு விதி. இடி இடிக்கும்போது மேசைப் போனைக் காதில் வைக்கக் கூடாது, கார்ட்லெஸ் மட்டும். பிஓஇ போனும் கம்பியில் இணைந்த போன்தான், இணையத் தொலைபேசி என்று பெயர் வைத்ததால் அது மாறிவிடாது. இதற்காக அலுவலக அறையிலும் ஒரு கார்ட்லெஸ் வைத்தோம்.

அதன் பிறகு

நவம்பர் கடைசியில் சேச்சி தானாகவே போனை எடுக்க ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது, கொள்முதல் தம்பி பொங்கல் வரைக்கும் செல்போனில்தான் பேசினார், நான் எதுவும் சொல்லவில்லை. 2023 ஏப்ரல், மே கோடை மழையில் இடி நிறைய இருந்தது, கருவி ஒன்றும் போகவில்லை. ஜூலையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்து இரண்டு நாள் முழுக்க 4ஜியிலேயே ஓடியது. பேச்சு பரவாயில்லை, ஆனால் கனமழையில் 4ஜி சிக்னலே குறைகிறபோது குரல் வெட்டத்தான் செய்தது, வெளியே ஆன்டெனா மாற்றியும் முழுதாகத் தீரவில்லை. அந்த நேரங்களில் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும் வழக்கம்தான் காப்பாற்றுகிறது. விலை தவறாக எழுதப்பட்டது அந்த ஒரு முறைதான்.

நான்கு மேசைப் போன் தேவையே இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டு போதும்.

இனி மாற்றிச் செய்வது

கிளை அலுவலகத்தைப் பார்க்கப் போவது அங்கே வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், ஒரு முறையாவது மெயினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருவது. ஃபைபர் எந்த வழியாக வருகிறது, நடுவில் யார் சுவரில் பெட்டி இருக்கிறது என்று நடந்தே போய்ப் பார்ப்பது. அங்கே உள்ளவர்கள் போனில் என்ன பேசுகிறார்கள் என்று கோடெக் தேர்ந்தெடுக்கும் முன் காது கொடுத்துக் கேட்பது. கட்டிடத்துக்குக் கட்டிடம் செப்பு இழுப்பதில்லை, தூரம் பத்து மீட்டராக இருந்தாலும்.

இன்னொன்று, பாஸ்வேர்டு, வரைபடம், கேபிள்காரர் எண், பேட்டரி வாங்கிய தேதி எல்லாம் ஒரு தாளில், தமிழிலும் மலையாளத்திலும், டிப்போவிலேயே இருக்க வேண்டும். முதலாளி முதல் நாள் சொன்ன 'ஆளு மாறினாலும் நம்பர் மாறக்கூடாது' என்பது எனக்கும் சேர்த்துத்தான் என்று பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளை எழுதிச் சேச்சியின் மேசை டிராயரில் வைத்திருக்கிறோம்.

முதலாளி இப்போது பூப்பாறை பக்கம் இன்னொரு டிப்போ திறக்கிறார், அங்கேயும் போன் வேண்டும் என்று கேட்டார், காலையில் ஜீப் அனுப்பவா என்றார். மத்தியானம் ஒன்றரைக்கு நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.